குங்கிலிய வெண்ணெய்

ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை பார்க்கிறேன். தறி கையைக் கிழித்தால் எங்கள் வீட்டில் குங்கிலிய வெண்ணெய்தான். மரப்பிசினை நல்லெண்ணெயில் உருக்கி, தண்ணீர் விட்டுக் கடைந்து என் கணவரே செய்வார். பட்டாளத்தில் இருந்து வந்தவர். எந்தப் புண்ணும் அதில் ஆறிவிடும் என்று நம்பினார். நானும்தான்.

சர்க்கரை நோயில் அவருடைய கால்விரல்கள் கறுத்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு அந்த டப்பாவையும் எடுத்துப் போனேன். டாக்டரம்மா திட்டுவார் என்று பயந்தேன். அவர் திறந்து முகர்ந்து பார்த்தார்.

“இந்தப் பிசின் கிருமியைக் கொல்லுதுன்னு சோதிச்சுப் பார்த்திருக்காங்கம்மா. பொய்யில்ல. ஆனா இவரு விரலுக்கு ரத்தமே போகல. மேல எதைப் பூசினாலும் பிழைக்காது.”

திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். டப்பாவைத் திருப்பித் தந்தபோது கைநீட்டி வாங்கத்தான் முடிந்தது.

மறுநாள் விரல்களை எடுத்துவிட்டார்கள். காலில் சுற்றியிருந்தது நாங்கள் நெய்கிற அதே துணி. மயக்கம் தெளிந்தவர், “ஏட்டி, நம்ம மருந்தைப் போட்டியா? வலி உசுரு போகுது” என்றார்.

கட்டைத் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். டப்பாவைத் திறந்து மற்றக் காலின் பாதத்தில் பூசினேன். அந்தக் காலில் உணர்ச்சி எப்போதோ போய்விட்டது.

குங்கிலிய வாசம் எழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

“இப்பத்தான் செத்த குறையுது.”

டப்பா காலியாகும்வரை பூசினேன். எனக்கு வேறென்ன செய்யத் தெரியும்?