ரெஜினா டீச்சர் போட்ட வட்டம்

சிதம்பரத்திலிருந்து போன் வந்தபோது மஞ்சக்குப்பத்துப் பட்டறையில் ஜன்னல் கிரில்லுக்குக் கம்பி அறுத்துக்கொண்டிருந்தேன். ரெஜினா டீச்சரின் மகள் பேசினாள். "மாமா, அம்மா காலையில போயிட்டாங்க. அந்தத் தண்ணித் தொட்டிய எறக்கிட்டாங்களான்னு நேத்துகூட கேட்டாங்க." இன்னும் இறக்கவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு பஸ் ஏறினேன்.

நம் ஊரில் நடந்த இரங்கல் கூட்டத்தில் எட்டுப் பேர் பேசினீர்கள். எனக்கு மைக் தரவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், வெல்டிங்கைக்கூடப் பார்த்துப் பழகியவன், இவனுக்கு டீச்சரைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்திருப்பீர்கள். அதனால் எழுதுகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு அவர் சனிக்கிழமை காலைகளில் தெருப் பிள்ளைகளை மொட்டைமாடியில் உட்காரவைத்துக் கட்டச் சொல்வார். செய்தித்தாளைச் சுருட்டித் தூண், அட்டையில் தளம், விளக்குமாற்றுக் குச்சியில் பாலம். பாரம் வைப்பதற்கு முன், எந்த இடம் முதலில் போகும் என்று கட்டிய பிள்ளையே சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். அதன் பிறகுதான் புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்குவார். "விழுறது தப்பில்ல. எங்க விழும்னு பாக்காம அடியில நிக்கிறதுதான் தப்பு" என்பார்.

ஒருநாள் நானும் ஆறு வயதுப் பெண்ணொருத்தியோடு போட்டிக்கு உட்கார்ந்தேன். வட்டம் போட மறுத்தேன். "நான் கட்டுனது விழாது பாப்பா." நான்காவது புத்தகத்தில் விழுந்தது. "வெல்டிங் தாத்தா, வெல்டு வெக்க மறந்துட்டீங்களா?" என்றாள் அவள். டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அட்டை நமத்துப்போயிருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

அந்த மாடிக்குத் தகரக் கூரை போட்டுக் கொடுத்ததும் நான்தான். மறுநாள் போனால், கைப்பிடிச் சுவரில் ஊன்றிய கடல் பக்கத் தூணின் அடியில் வட்டம். "அண்ணே, மொதல்ல இதுதான் போவும்" என்றார். முப்பது வருஷம் பற்றவைத்த கை இது. துண்டால் துடைத்துவிட்டு இறங்கினேன். அடுத்த வாரமும் வட்டம் இருந்தது, அதையும் துடைத்தேன். மூன்றாவது வாரம் பிள்ளைகளைக் கீழே கூடத்துக்கு மாற்றிவிட்டார். ஆறு மாதம் நான் அவரோடு பேசவில்லை.

தானே புயல் ஓய்ந்ததும் போய்ப் பார்த்தேன். தகரம் இரண்டு வீடு தள்ளிக் கிடந்தது. கடல் பக்கத் தூண் மட்டும், பிள்ளைகள் முன்பு பாய் விரித்த இடத்தில் குறுக்கே விழுந்திருந்தது. புரட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், என் வெல்டு விடல. கைப்பிடிச் சுவரு செங்கல்தான் பேந்து வந்திருக்கு" என்றேன்.

"நான் வட்டம் போட்டது செங்கல்லதான் அண்ணே. நீங்க வெல்ட மட்டுந்தான் பாத்தீங்க."



வைத்தியத்துக்காக மகள் வீட்டுக்குப் போகும் முன் என்னை ஒரு மழலையர் பள்ளிக்கு அழைத்துப்போனார். பெயர் சொல்லத் தேவையில்லை, உங்களில் பலரின் பேரப்பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள். டிபன் பாக்ஸ் கழுவும் குழாய்க்கு நேர் மேலே, இரும்புக் கால்களில் தண்ணீர்த் தொட்டி. ஒரு காலின் அடியைச் சாவியால் சுரண்டினார். பெயிண்டுக்கு அடியில் துரு அப்பளம் போல் உதிர்ந்தது. அதைச் சுற்றி வட்டம் போட்டார். நிர்வாகி சிரித்தார். "பெயிண்ட் அடிச்சு மூணு மாசந்தான் ஆவுது டீச்சர்." பிறகு என்னைப் பார்த்து, "வேல புடிக்க வந்தீங்களா பெரியவரே?" என்றார். கூலி வேண்டாம், நானே மாற்றித் தருகிறேன் என்றேன். மறுநாள் வட்டம் இல்லை.

"தொடச்சா திரும்பப் போடுங்க" என்றார் டீச்சர், பஸ்ஸில் ஏறும்போது. "தொடைக்கிறவங்களப் பத்தி உங்களுக்குத் தெரியாததா அண்ணே."

அடக்கம் முடிந்ததும் அவர் மகள், கைப்பையில் கிடந்த அரைத் துண்டு சாக்பீஸை என்னிடம் கொடுத்தாள். அவர் வாங்கிய பட்டங்களைப் பற்றி நீங்கள் பேசியாயிற்று. என்னிடம் இருப்பது இதுதான். தினமும் பள்ளி திறக்கும் முன் போய் வட்டம் போடுகிறேன். சாயங்காலத்துக்குள் துடைத்துவிடுகிறார்கள். கல்வி அலுவலகத்தில் கொடுத்த மனுவுக்குப் பதில் இல்லை. நேற்றுச் சுரண்டியபோது சாவியின் முனை இரும்புக்குள்ளேயே இறங்கிவிட்டது.

அவரை நினைப்பவர்கள் நாளைக் காலை அங்கே வந்து தொட்டியின் அந்தக் காலைப் பாருங்கள். பிள்ளைகளை அழைத்து வராதீர்கள்.