சந்தனம் பூசிய கரண்டி

உருகிய உலோகத்தில் முக்கும் கரண்டி ஈரமில்லாமல் இருக்க வேண்டும். முக்குவதற்கு முன் அதை அனலில் காட்டிச் சூடேற்ற வேண்டும். ஊற்றுகிறவர் தோல் பூட்ஸ் அணிந்திருக்க வேண்டும். இருபது வருடம் அலுவலகத்தில் விதிகளோடு குடும்பம் நடத்தி, விருப்ப ஓய்வு பெற்றுவிட்ட எனக்கு இது மனப்பாடம். அப்பா வேலை பார்த்த பட்டறையிலும் இந்த விதி கண்ணாடிச் சட்டத்துக்குள் ஆங்கிலத்தில் தொங்கியது. ஆயுத பூஜைக்கு அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு உண்டு. பூட்ஸ் மட்டும் சட்டத்தை விட்டு வெளியே வந்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் மலையாள ஊரான கரமனையில் இருந்தோம். அது குடிநீர் பம்புகளைப் பழுதுபார்க்கும் பட்டறை. தேய்ந்த பேரிங்குகளில் ஈயக் கலவையை உருக்கி ஊற்றுவது அப்பாவின் வேலை. சித்தப்பா அங்கேயே தற்காலிக உதவியாள். அந்த வருடம் நிரந்தரமாக்குவார்கள் என்று பேச்சு. பூஜைக்கு வைத்த கருவிகளை விஜயதசமி காலையில் எடுத்து, சாமி முன்னால் ஒரே ஒரு வார்ப்பு போடுவது வழக்கம். சாமி காரியம் என்பதால் வெறுங்காலோடு. மற்ற நாட்களில் ரப்பர் செருப்புதான். ஆகவே தெய்வத்துக்காக அவர்கள் துறந்தது பெரிதாக ஒன்றுமில்லை.

குடும்பத்தோடு போயிருந்தோம். நான் மூன்றாம் வகுப்பு. கையில் பொரிப் பொட்டலம். சித்தப்பா கரண்டியை மறுபடியும் கழுவி, புதுச் சந்தனம் குழைத்துப் பூசி, இரண்டு கையாலும் அப்பாவிடம் நீட்டினார்.

"சட்டுனு முக்கு அண்ணே, நல்ல நேரம் முடியப் போவுது."

அப்பா முக்கினார். பட்டாசு போல ஒரு சத்தம். கரண்டியின் ஈரம் ஆவியாகி உலோகத்தைத் தூக்கி எறிந்தது. அப்பாவின் வலது பாதம் வெள்ளி பூசியதுபோல் மின்னியது. அழகாக இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் அப்பா கத்தினார்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பாதத்தின் இரண்டு விரல்களை எடுத்தார்கள். விசாரணை அதிகாரி கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். சித்தப்பா சுவரோடு ஒட்டி நின்றார்.

"கரண்டிய கழுவினது ஆரு? நல்லா ஓர்மையுண்டா?"

"நாந்தான் சார். அனல்ல காட்ட மறந்து போச்சு" என்றார் அப்பா.

"இல்லப்பா, சித்தப்பால்லா கழுவுனாவ!" என்றேன்.

"சும்ம கெட பிள்ளே" என்று அம்மா தொடையில் கிள்ளினாள்.

அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்தார். "மோளு நல்ல சாட்சியாணல்லோ."

"அவ பொரி தின்னுட்டு இருந்தா சார். எங்க பாத்தா?" என்றார் அப்பா.

தொழிலாளியின் கவனக்குறைவு என்று அதிகாரி எழுதிக்கொண்டார். முன்பொருமுறை பொய் சொன்னதற்காக என்னைப் பிரம்பால் அடித்தவர் அப்பா. ஆகவே, காய்ச்சலில் அவருக்கு மறதி வந்துவிட்டது என்று பள்ளியில் எல்லோரிடமும் வருத்தத்தோடு சொல்லித் திரிந்தேன்.

சித்தப்பா நிரந்தரமானார், வார்ப்பு வேலையும் அவருக்கே வந்தது. அப்பாவைக் காவலுக்கு, வாசல் கேட்டில் போட்டார்கள். அங்கிருந்தபடி, வார்ப்புக்குத் தோல் பூட்ஸ் கேட்டு அவர் ஒரு மனு கொடுத்தார்.

"கேட்டுல நிக்க உனக்கெதுக்கு அண்ணே பூட்ஸ்?"

"எனக்கில்லடே."

அடுத்த விஜயதசமிக்குச் சித்தப்பா, வெறுங்காலோடுதான், கரண்டியை அனலில் காட்டியபடி நின்றார். நல்ல நேரம் முடிந்தது, சந்தனம் கருகி உதிர்ந்தது, அவர் அசையவில்லை. சித்தப்பாவுக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று அம்மாவிடம் புகார் சொன்னேன். அம்மா கிள்ளக்கூட இல்லை.

பூட்ஸ் மனு பரிசீலனையில் இருப்பதாகவும், மனுதாரர் தம் இரு பாதங்களின் அளவையும் நேரில் வந்து தெரிவிக்க வேண்டும் என்றும் பதில் வந்தது, அதற்கு மறுநாள்.