வாலுக்கு இடம்

மகளின் போஸ்டர் கலர் டப்பாவைத் திறந்ததும், சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கோடை விடுமுறையில் ஓவியப் பட்டறை நடந்த அந்த ஓட்டுக் கூடத்தின் வாசனை வந்தது. சேலை டிசைன்களைக் கட்டம் போட்ட தாளிலேயே பார்த்து வளர்ந்த நெசவு வீட்டுப் பிள்ளைகள் நாங்கள். வெள்ளைத் தாளைக் கொடுத்ததும் ஸ்கேலை எடுத்துக் கட்டம் போட ஆரம்பித்தோம். பக்கத்திலிருந்த தேவி மட்டும் போடவில்லை.

“மாடு ஓடிக்கினு இருக்குதுடி, வாலுக்கு உன் பேப்பர்ல கொஞ்சம் எடம் குடு” என்றாள். கொடுத்தேன். அப்புறம் ஆளாளுக்குப் பக்கத்துத் தாளில் புகுந்து, ஆறும் தேரும் பட்டமுமாகக் கூடம் முழுக்க ஒரே படமாகிவிட்டது. கடைசி நாள் அவரவர் தாளை அவரவர் எடுத்துப்போனோம்.

கூடம் இப்போது ஒரு பட்டுக்கடையின் கார் நிறுத்துமிடம். தேவி போன வருஷம் போய்ச் சேர்ந்தாள். அவள் வீட்டில் அந்த மாட்டை யாரும் பார்த்ததில்லையாம்.

என்னிடம் வால் இருக்கிறது.