முதலில் கோப்பிக்குக் கட்டுங்க

டிரஸ்ஸர் வேலை என்றால் காயத்துக்குக் கட்டுப் போடுவது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள்; முக்கால்வாசி நேரம் அது மேசைக்கு அடியில் ஒளிந்த பிள்ளையை வெளியே இழுக்கும் வேலை. மண்டை உடைந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் நான் சொல்வது உங்களுக்கும் புரியும். மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வருவதற்குக் கொஞ்சம் முன்னும் பின்னுமாகச் சில வருடங்கள், காஜா பேராங்கில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் அந்த வேலையைப் பார்த்தேன்.

வாசலில் படுத்தது

காப்பி நிறத்தில் ஒரு தெருநாய் கிளினிக் வாசலில் வந்து படுக்க ஆரம்பித்தது. கோப்பி என்று பெயர் வைத்தேன். இரண்டு முறை விரட்டியும் பார்த்தேன். டாக்டரோ, "ஒரு புகார் வந்தாலும் நாய் இங்க இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

ஒரு நாள் செமாபோக்கிலிருந்து வந்த ஆறு வயதுப் பையன், காலில் ஆணி ஏறியவன், என் கையைக் கடித்துவிட்டு நொண்டிக்கொண்டே வாசலுக்கு ஓடினான். கோப்பியைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு வேறு வழி தெரியவில்லை. கோப்பியின் முன்னங்காலைத் துடைத்து, கட்டுத்துணி சுற்றி முடிச்சுப் போட்டேன். அது கொட்டாவி விட்டது. பையன் முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் காலை நீட்டினான்: "இதே மாதிரிதான் கட்டணும்."

ஜன்னல் வழியாக

அதன்பிறகு நாய்க்கு ஒரு கட்டு, பிள்ளைக்கு ஒரு கட்டு என்பதே வழக்கமாகிவிட்டது. தெங்கேராவிலிருந்து ஒரு மலாய்க்கார அம்மா, பாராங் கத்தியில் கையை வெட்டிக்கொண்ட மகனோடு வந்தார். முஸ்லிம்கள் நாயைத் தொட மாட்டார்கள், புகார் இங்கிருந்துதான் வரப்போகிறது என்று நினைத்து, கோப்பியைக் கொல்லைப் பக்கம் கட்டிப்போட்டேன். அங்கேதான் தையல் அறையின் ஜன்னல் இருந்தது. பையன் நாயைப் பார்த்துக்கொண்டே அழுகையை நிறுத்தினான். நாயை அப்பால் கொண்டுபோக நான் கயிற்றை அவிழ்க்கப் போனேன்.

அந்த அம்மா மலாயில் தடுத்தார்: "நாங்க தொட மாட்டோம், ஆனா பார்க்கலாம். தையல் முடியிற வரைக்கும் அது அங்கயே இருக்கட்டும்."

அப்பாவின் முறை

துணிக்கடை முதலாளி ஒருவர் தொண்டையில் மீன் முள் சிக்கிய மகளோடு வந்தார். அந்தச் சிறுமி கோப்பியின் காதைப் பிடித்துக்கொண்டு வாயை நன்றாகத் திறந்தாள். முள் வந்துவிட்டது. இடுக்கியைப் பார்த்த அப்பாதான் நாற்காலியில் சரிந்தார். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்து மெதுவாகச் சொன்னார்: "நாயைக் கொஞ்சம் இந்தப் பக்கம் அனுப்புங்க."

வண்டி வந்த காலை

லைசென்ஸ் இல்லாத நாய்களைப் பிடிக்கும் வண்டி ஒரு நாள் காலையில் வாசலில் நின்றது. கோப்பியின் கழுத்தில் லைசென்ஸ் தகடு இல்லை. நாளைக்கு வாங்கலாம் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டவன் நான்தான். பிடிபட்ட நாய் திரும்பி வராது என்பது எனக்குத் தெரியும். சுருக்குக் கயிற்றோடு இறங்கியவரிடம் கோப்பி வாலை ஆட்டிக்கொண்டு தானாகவே போனது. அதைப் பொறுத்தவரை வாசலுக்கு வருகிறவர்கள் எல்லோருமே பயந்துபோன நோயாளிகள்தான். அப்போதுதான் ஒரு பிள்ளைக்குக் கட்டுப் போட்டு அனுப்பியிருந்ததால் முன்னங்காலில் கட்டு அப்படியே இருந்தது.

"இதுக்கு என்ன காயம்?" என்றார் அவர்.

"காயம் இல்லைங்க. பிள்ளைங்க பயப்படாம இருக்க முதல்ல இதுக்குக் கட்டுவேன்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். அப்போதுதான் எனக்கும் அடையாளம் தெரிந்தது. போன மாதம் மோவாய் கிழிந்த மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர். மூன்று தையலுக்கும் அந்தப் பிள்ளை கோப்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தாள். அவர் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"சாயந்தரத்துக்குள்ள லைசென்ஸ் எடுத்திருங்க, டிரஸ்ஸர். இதைப் புடிச்சிக்கிட்டுப் போனா நான் வீட்டுக்குப் போக முடியாது."

மதியத்துக்குள் தகடு கழுத்தில் ஏறிவிட்டது. நான் அந்தக் கிளினிக்கில் போட்ட கட்டுகளில் பாதி, காயமே இல்லாத ஒரு காலுக்குத்தான், என் உத்தியோகத்தில் உருப்படியான பாதியும் அதுதான்.