அரைக்காதரின் இரண்டாவது வாக்கியம்

அவருக்கு இரண்டு காதும் முழுசாகத்தான் இருந்தன. அவர் வீட்டுக்கு மேலே மாடியில் பல வருஷம் குடியிருந்தவள் சொல்கிறேன், நம்பலாம். ஆனாலும் அந்தத் தெருவே அவரை அரைக்காதர் என்றுதான் கூப்பிட்டது. எல்லாம் அவர் எழுதிய பத்திரிகையால் வந்தது. மாதம் ஒருமுறை வரும் இசைப் பத்திரிகை. புதுப் பாட்டுகளுக்கு மற்ற பத்திரிகைகள் நட்சத்திரம் போடும்; இதில் காது போடுவார்கள். ஐந்து காது என்றால் அமிர்தம். அரைக் காது என்றால், ஓடிப்போய் ஜன்னலைச் சாத்து என்று அர்த்தம். இவர் அந்த அரைக் காதை வாரி வழங்கிய வள்ளல். ஐந்து காது ஒருவருக்கும் கொடுத்ததில்லை.

எந்த இசைத்தட்டானாலும் மூன்று தடவை கேட்பார். முதலில் நாற்காலியில் உட்கார்ந்து. அடுத்தது பாத்திரம் தேய்த்துக்கொண்டு. மூன்றாவது, கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்து அறையிலிருந்து. "கதவையே தாண்டாத பாட்டு மனசுக்குள்ள எப்படி வரும்?" என்பார். அந்தக் காதின் கூர்மையைச் சொன்னால் புளுகு என்பீர்கள். ஒரு நாள் என் கை தவறித் தைலப் புட்டி உருண்டது. கீழேயிருந்து குரல் வந்தது: "சுருதி ஏறிக் கேக்குதே, காலிப் புட்டியா?" காலிதான்.

அவர் விமர்சனம் எப்போதும் இரண்டே வாக்கியம். முதலாவது தலையைத் தடவும், இரண்டாவது குட்டும். புதிதாகப் பாட வந்த ஒரு பெண்ணைப் பற்றி இப்படி எழுதினார்: 'இந்தப் பெண்ணின் குரலில் தேன் வழிகிறது. எறும்பு வருவதற்குள் துடைத்துவிட்டு, அடியில் பாட்டு ஏதாவது இருக்கிறதா என்று யாராவது பார்க்கவும்.'

வீட்டிலும் இதே கதைதான். "சூப் பிரமாதம்" என்பார். அவர் மனைவி கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பாள். "ம், அடுத்ததையும் சொல்லித் தொலைங்க."

"சட்டி கழுவின தண்ணியையும் சேத்துட்டியா?"

அவள் சிரிக்கிற சிரிப்பில் என் வீட்டு அலமாரிக் கண்ணாடி அதிரும்.

பத்திரிகையின் ஆசிரியர் வேறு யாருமில்லை, அவளுடைய தம்பி. டயர் கடைக்கு மேலே இரண்டு அறை அலுவலகம். தரையெல்லாம் காகிதக் கட்டு. அரைக்காதர் எழுத உட்கார்ந்தால் மச்சினனே தேநீர் போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பான். கடைசிப் பக்கம் முழுக்க அவருக்கென்றே ஒதுக்கியிருந்தான். "ஜனங்க பத்திரிகையைப் பின்னாலேர்ந்துதான் புரட்டறாங்க. எல்லாம் மாமாவோட ரெண்டாவது வாக்கியத்துக்காக" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வான்.

பிறகு இணையம் வந்தது. பாட்டு கைப்பேசியிலேயே கொட்டும்போது, அதைப் பற்றிப் படிக்க ஒரு மாதம் எவன் காத்திருப்பான்? விளம்பரக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒரு காலத்தில் தலைக்கு வைத்துப் படுக்கலாம் போலிருந்த பத்திரிகை, சுருட்டி ஈ அடிக்கக்கூட ஆகாத அளவுக்கு மெலிந்தது. கடைசி இதழ் வந்த அன்று மச்சினன் அவரைக் கட்டிக்கொண்டு அழுதான். "காகிதம்தான் போகுது மாமா. நீங்க எழுதின அத்தனையையும் இணையத்துல ஏத்திடறேன். அது என் பொறுப்பு."

அரைக்காதர் பழைய இதழ்களைத் தன் கையாலேயே கட்டி, மச்சினனின் வண்டிவரை சுமந்துபோய்க் கொடுத்தார். அதன்பின் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவரிடம் இருந்தது பொத்தான் வைத்த பழைய கைப்பேசி. அதற்கு மணி அடிக்க மட்டும்தான் தெரியும்.

சில வருஷம் கழித்து அந்தத் தேன்குரல் பெண் வந்து கதவைத் தட்டினாள். இப்போது பெரிய பாடகி. தெருவே ஜன்னலில் தொங்கியது. நான் மாடிப்படியில் உட்கார்ந்தேன், முட்டி வலி.

"சார், என்னைத் தெரியுதா?"

"குரலைக் கேட்டதும் தெரிஞ்சுது. தேன் குறைஞ்சிருக்கு, பாட்டு வந்திருக்கு."

"அதைப் புதுசா எழுதியிருக்கலாமே சார். எதுக்குப் பழசைப் போய் மாத்தினீங்க?"

கைப்பேசியை நீட்டினாள். வரிசையாக ஐந்து காது. அடியில் அவர் பெயர். 'இந்தப் பெண்ணின் குரலில் தேன் வழிகிறது.' அதோடு சரி.

"உங்க ரெண்டாவது வாக்கியத்தை நான் சட்டம் போட்டு மாட்டி வெச்சிருக்கேன். அதைப் பாத்துப் பாத்துத்தான் பாடவே கத்துக்கிட்டேன். ஒரு பேட்டியில அதைப் பெருமையா சொன்னா, எதிர்ல உக்காந்தவர் இதைக் காட்டிச் சிரிக்கறாரு. நான் பேர் வாங்கினதும் நீங்களும் ஜால்ரா எடுத்துட்டீங்களா?"

"நான் மாத்தலைம்மா."

"அப்ப உங்க பேர்ல பேசறது யாரு?"

அவர் அந்தக் கைப்பேசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எல்லோருக்கும் ஐந்து காது. கத்தியே உயிரை வாங்கின ஒருவனைப் பற்றி முன்பு, 'இவர் மூச்சுப் பிடிப்பது அபாரம். பாட்டு முடியும்வரை அதை விடாமலே இருந்திருக்கலாம்' என்று எழுதியிருந்தார். அங்கே அபாரம் மட்டும் பல்லிளித்துக்கொண்டிருந்தது. கைப்பேசியை அவளிடம் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

டயர் கடை மாடியில் இப்போது ஒரு துண்டுக் காகிதம் இல்லை. சுழல் நாற்காலியும் இரண்டு திரையும் இருந்தன, மச்சினன் இருந்தான்.

"யாருடா வெட்டினது? மிஷினா?"

ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் மனுஷன் நம்பிக்கொண்டு வீடு திரும்பியிருப்பார். அவனோ உண்மையைச் சொன்னான்.

"நான்தான் மாமா. ஒவ்வொண்ணா உக்காந்து நானேதான் வெட்டினேன். உங்க எழுத்தை இன்னொருத்தன் கையில குடுக்க மனசு வரலை. திட்டினா எவனும் பகிர மாட்டேங்கறான். பாராட்டினா பாடினவங்களே எடுத்துப் போட்டுக்கறாங்க. நீங்க எழுதாத ஒரு வார்த்தையை நான் சேக்கலை."

"காது?"

அவன் திரையைப் பார்த்தான். "அது... படம்தானே மாமா."

"என் பேரை எடுத்துடு."

"பேரை எடுத்துட்டா அப்புறம் அங்க என்ன இருக்கு? யாரையும் பாராட்டாத வாய்னு ஊருக்கே தெரியும். அந்த வாய் பாராட்டினாத்தானே மதிப்பு!"

"என்னை ஒரு வார்த்தை கேட்டியாடா?"

"அக்காவைக் கேட்டேனே. வெட்டிக்கோன்னு அக்காதான் சொல்லுச்சு."

அன்றைக்குக் கீழ்வீட்டில் இடி இடிக்கும் என்று எதிர்பார்த்து, வானொலியைக்கூட அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் குரல் மட்டும்தான் கேட்டது.

"ஆமாங்க, சொன்னேன். காலம் பூரா ஊரைப் பகைச்சுக்கிட்டீங்க. கடைசியிலயாவது நாலு பேர் உங்களை நல்ல மனுஷன்னு சொல்லட்டுமேன்னுதான். உங்களுக்குத் தெரியவே போறதில்லைன்னு நெனச்சோம்."

நினைத்தோமாம். அக்காவும் தம்பியுமாக. நாற்காலி இழுபட்டது, தட்டு வைக்கும் சத்தம் கேட்டது, பிறகு அவர் குரல்.

"சூப் பிரமாதம்."

"ம்?" என்றாள் அவள்.

கிண்ணத்தில் கரண்டி படுகிற சத்தம்.

"அடுத்ததையும் சொல்லுங்களேன்."

"அவ்வளவுதான்."

மறுநாளும் அப்படியே. அவள் புதுச் சட்டை தைத்துக்கொண்டாள். அழகாக இருக்கிறது என்றார். தலைமுடியை வெட்டிக்கொண்டாள்; ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார். அவள் ஒவ்வொரு தடவையும் காத்து நின்றாள். என் அலமாரிக் கண்ணாடி அதற்கப்புறம் அதிரவே இல்லை.

பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் சூப்பில் கைநிறைய உப்பை அள்ளிப் போட்டாள். எனக்கும் ஒரு கோப்பை மேலே வந்தது. ஒரு வாய்தான் வைத்தேன். ஒரு வாரத்துக்கு நாக்கு வாய்க்குள் திரும்ப மறுத்தது. கோப்பையைக் கொடுக்கும் சாக்கில் கீழே போனேன். அவர் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்திருந்தார். அவள் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"பிரமாதம்" என்றார். வாயைத் துடைத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.