கழுத்தில் ஒரு மைப்புள்ளி

எங்கள் தொழிலில் வேலை ஒழுங்காக நடந்தால் யாருக்கும் எங்களை ஞாபகம் இருக்காது. பிசகினால் மட்டும் ஏழு தலைமுறைக்கும் மறக்க மாட்டார்கள்.

மயக்க மருந்து டொக்டர் என்றால் ஊசி போட்டுத் தூங்க வைக்கிறவர் என்றுதான் மாத்தளை முழுக்க நினைப்பு. தூங்க வைப்பது பெரிய வித்தை இல்லைங்க. தூங்கினவருடைய மூச்சை நம் கையில் வாங்கி, முழிக்கும்போது பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பதுதான் வேலை. அதற்குத் தொண்டை வழியாக ஒரு குழாய் இறங்க வேண்டும். பருத்த உடம்புக்காரர்களுக்குச் சில நேரம் அது இறங்காது. அந்த ஒரு நிமிஷம் மூச்சு யார் கையிலும் இல்லை. அடுப்படியில் வெந்து சாகிறவர்களே, பந்தியில் பேர் வாங்காதவர்களே, என் சக பாவிகளே, இது உங்களுக்காக.

ஆணா, பொண்ணா?

கொஞ்ச காலமாக, உடம்பு கனத்தவர்களுக்கு ஆபரேஷனுக்கு முன்னால் கழுத்தை ஸ்கேன் பண்ணிப் பார்க்கிறேன். தோலுக்கும் மூச்சு போகிற வழிக்கும் நடுவே எவ்வளவு சதை என்று அதில் தெரியும். இன்னொன்றும் தெரியும். குரல்வளைக்குக் கீழே விரல் நுனி அளவுக்கு மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. எந்த வழியிலும் மூச்சு கொடுக்க முடியவில்லை என்றால், அதைக் கீறித்தான் உயிரைப் பிடித்து நிறுத்த வேண்டும். நான் அதைக் கடைசி வாசல் என்பேன். மெலிந்த கழுத்தில் தடவினாலே அகப்படும். பருத்த கழுத்தில் தடவினால், பிசைந்த மாவுக்குள் மோதிரம் தேடுகிற கதைதான்.

உக்குவளையில் புடவைக்கடை வைத்திருக்கும் ஒரு ஹாஜியார் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தார். கழுத்து என்று தனியாக ஒன்றும் கிடையாது. தாடி முடிந்தால் நெஞ்சுதான். எனக்குப் பார்த்ததுமே பகீர் என்றது. ஸ்கேனை வைத்தால், அட, கொழுப்பெல்லாம் பிடரியிலும் பக்கவாட்டிலும்தான். முன்பக்கம் மெல்லிசாக இருந்தது. ஆளைப் பார்த்துக் கணக்குப் போடக்கூடாது என்று மெஷினே எனக்குச் சொல்லிக் கொடுத்தது. "பயப்பட ஒண்ணுமில்ல ஹாஜியார், நல்ல கழுத்து" என்றேன். மனைவியின் பிரசவ காலத்தில் மட்டுமே இந்த மெஷினைப் பார்த்திருந்த மனிதர், ஜெல்லைத் துடைத்துக்கொண்டே திரையை ஒரு தரம் உற்றுப் பார்த்தார்.

"எல்லாஞ் சரி டொக்டர், ஆணா பொண்ணா எண்டு மட்டும் சொல்லிடுங்க."

எழுப்பி அனுப்பின ஆள்

இரத்தோட்டையில் பஸ் நிற்கிற இடத்தில் ராஜேஸ்வரி அக்காவுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. தோட்டத்திலிருந்து வந்து இறங்குகிறவர்களுக்கு ரொட்டியும் கட்டைச் சம்பலும் அவர் கையால்தான். நல்ல பாரியான உடம்பு. பித்தப்பையில் கல். வலி வந்தால் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, தரையில் சுருண்டு படுத்துவிடுவாராம். முன்பு ஒரு தடவை வேறு ஊரில் ஆபரேஷனுக்குப் போய், தூங்க வைத்த பிறகு குழாய் இறங்கவில்லை. அங்கிருந்தவர்கள் செய்ய வேண்டியதைச் சரியாகவே செய்து, மூச்சைக் காப்பாற்றி, எழுப்பி அனுப்பியிருக்கிறார்கள். அக்காவுக்கு விளங்கினது வேறு. தின்று தின்று தானே தன் தொண்டையை அடைத்துக்கொண்டதாகவும், இன்னொரு தடவை படுத்தால் முழிக்கப் போவதில்லை என்றும் மனசில் எழுதி வைத்துவிட்டார். இந்த முறை கல் போய்ப் பித்தக் குழாயில் அடைத்து, காய்ச்சலும் குளிருமாக விழுந்த பிறகுதான் புருஷன் தூக்காத குறையாகக் கொண்டுவந்து சேர்த்தார். காய்ச்சல் அடங்கினதும் ஆபரேஷன் பண்ணியே ஆகவேண்டும், இன்னொரு தடவை அடைத்தால் உயிருக்கு ஆபத்து என்று சர்ஜன் சொல்லிவிட்டார்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் அக்காவின் கழுத்தை ஸ்கேன் பண்ணினேன். இவருக்கு முன்பக்கமே தடிப்புத்தான். தூங்க வைத்துவிட்டுக் குழாய் போடப் பார்ப்பது சரிவராது. முழித்திருக்கும்போதே, தொண்டையை மரக்க வைத்து, கமரா வைத்த மெல்லிய குழாயால் வழி பார்த்து இறக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். கடைசி வாசலையும் தேடிப் பிடித்து, அதன் மேல் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். பிறகு திரையை அக்கா பக்கம் திருப்பினேன். "பாருங்க, போன தடவை இதனாலதான் கஷ்டப்பட்டிருக்கு. உங்க மேல குத்தமே இல்ல. உங்க வழி கொஞ்சம் உள்ளுக்கு இருக்கு, அவ்வளவுதான்." அக்கா தேம்பித் தேம்பி அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

"எங்க போனாலும் உடம்பக் கொறை, உடம்பக் கொறைன்னுதாங்க சொன்னாங்க. உள்ளுக்கு என்னதான் இருக்குன்னு நீங்கதாம்மா எனக்குக் காட்டுனீங்க."

மூன்று புள்ளி

மறுநாள் காலை வார்டுக்குப் போனேன். அக்கா தலைக்குக் குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்தார். ஆபரேஷன் என்றால் எங்கள் ஆட்களுக்குக் கோயிலுக்குப் போகிற மாதிரி. குளிக்காமல் வரவே மாட்டார்கள். அது எனக்குத் தெரியும், நானும் தோட்டத்து மலையில் பிறந்தவள்தான். ஆனால் கழுத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் வைத்தது ஒரு புள்ளி. இப்போது மூன்று இருந்தது! குளித்ததில் என் புள்ளி போய்விட, பக்கத்துக் கட்டில் பிள்ளையிடம் பேனா வாங்கி, போனில் முகம் பார்த்துத் தானே வரைந்திருக்கிறார். ஒன்று தாடைக்குக் கீழே, ஒன்று கழுத்தடியில், ஒன்று காதுப் பக்கமாக. "ஐயோ அக்கா, என்ன வேலை பாத்து வச்சிருக்கீங்க! உள்ள போய் அவசரம்னா நான் எதைப் பாத்துக் கத்தியை வைப்பேன்? இனிமே என்னைக் கேக்காம இந்தப் புள்ளியில விரல் வைக்கக்கூடாது, சொல்லிட்டேன்!" என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்திவிட்டேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அக்கா அசரவில்லை.

"எந்த எடம்னு சரியாத் தெரியலீங்கம்மா. அதான் மூணு வச்சேன். ஒண்ணாச்சும் சரியா இருக்கும்ல?"

மெஷின் யாருக்கு?

மறுபடி ஸ்கேன் பண்ணாமல் ஆபரேஷன் தியேட்டருக்குள் போக முடியாது. மெஷினோ பிரசவ வார்டில். அந்த வார்டுக்குப் பொறுப்பு சிஸ்டர் சுமனா. மெஷினைத் தன் சொந்தப் பிள்ளை மாதிரிக் காவல் காப்பார். காலையில் வரிசையாகத் தாய்மார்கள் காத்திருக்கும்போது கழுத்துக்கு மெஷின் கேட்டால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் மூன்று புள்ளிக் கதையைச் சொன்னேன். சிஸ்டர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டுதான் கேட்டார். கடைசியில் முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தாய்மார்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, தியேட்டர் வாசல் வரைக்கும் மெஷினைத் தானே தள்ளிக்கொண்டு வந்தார். அந்த மனுஷி நல்லா இருக்கணும்.

"கொண்டு போங்க டொக்டர். ஆனா அந்த அக்காட்ட சொல்லுங்க, இனி கோலம் எல்லாம் வீட்டு வாசல்ல மட்டும் போடச் சொல்லி."

மணவறை

பருத்தவர்களை மல்லாக்கப் படுக்க வைத்தால் மூச்சு முட்டும். தலையணையும் மடித்த துணியுமாக முதுகிலிருந்து தலை வரைக்கும் சரிவு கட்டி, சாய்த்து உட்கார வைக்க வேண்டும். அப்படிக் கட்டி முடித்து, அக்காவின் மூன்று புள்ளியையும் துடைத்து, ஸ்கேன் வைத்துக் கடைசி வாசலைத் திரும்பக் கண்டுபிடித்து, அழியாத மையால் ஒரே ஒரு புள்ளி வைத்தேன். சர்ஜன் எட்டிப் பார்த்து, "மணவறை ஜோடிச்சு முடிஞ்சதா? நான் கை கழுவலாமா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கத்தியைப் பக்கத்துத் தட்டில் எடுத்து வைத்திருந்தேன். அதைத் தொடக்கூடாதே என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டேன்.

மருந்து தெளித்துத் தொண்டை மரத்ததும், கமராக் குழாயை மெதுவாக இறக்கினேன். அக்கா என் உதவியாளரின் கையை இறுகப் பிடித்திருந்தார். "அக்கா, கடையில ரொட்டி தட்டுறீங்க. மூச்ச நல்லா இழுத்து விடுங்க, அவசரமில்ல" என்று சொல்லிக்கொண்டே போனேன். திரை முழுக்கச் சதை. ஒன்றும் தெரியவில்லை. அக்கா ஒரு பெருமூச்சு விட்டார். அந்த மூச்சில் சதை விலகி, வழி கண்ணுக்குத் தெரிந்தது. அப்பாடா! குழாய் இறங்கியது. உள்ளே மூச்சு சரியாகப் போகிறது என்று உறுதியான பிறகுதான் தூங்க வைத்தேன். எனக்கு வழி காட்டினது அக்காவின் மூச்சுத்தான். அதற்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். கல்லை எடுத்து முடித்துக் கையுறையைக் கழற்றும்போது சர்ஜன் என் பக்கம் வந்தார்.

"கல்ல எடுத்தது நானு. ஆனா சட்டை நனைஞ்சது உங்களுக்குத்தான், டொக்டர்."

சவுக்காரம்

மறுநாள் வார்டுக்குப் போனால் அக்கா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் புருஷன். சர்ஜன் பேரைச் சொல்லிச் சொல்லிக் கும்பிட்டார்கள். தொண்டை மரத்தது, கமரா, ரொட்டி தட்டின கதை, ஒன்றுமே அக்காவுக்கு நினைவில்லை. பயம் தெரியாமலிருக்கக் கொடுத்த மருந்து அதையெல்லாம் துடைத்துவிட்டது. அது நல்லதுதான், அதற்காகத்தான் கொடுத்தேன். இருந்தாலும் மனசுக்குள் ஒரு சின்னக் குறுகுறுப்பு.

கிளம்பும்போது அக்காவின் கழுத்தைப் பார்த்தேன். முகம் கழுவி, தலை சீவி, பொட்டு வைத்து எல்லாம் ஆகியிருந்தது. கழுத்தில் மட்டும் என் புள்ளி அப்படியே இருந்தது. தண்ணீர்கூடப் படாமல், அதைச் சுற்றித் துணியால் பார்த்துப் பார்த்துத் துடைத்திருக்கிறார். திறக்காமலே போன அந்த வாசலைக் குனிந்து இன்னொரு தரம் பார்த்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் பயந்தபடி கேட்டார்.

"அம்மா, இப்ப இதக் கழுவலாங்களா? ஒங்களக் கேக்காம விரல் வைக்கலீங்க."

இத்தனை வருஷத் தொழிலில் என்னை ஒருவர் நினைவில் வைத்திருந்ததற்குக் கிடைத்த ஒரே அத்தாட்சியை, நானே சவுக்காரம் வாங்கிக் கொடுத்துத் தேய்த்துக் கழுவச் சொன்னேன்.