சித்தி மூடிய களிம்பு டப்பா

விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் என் சித்தி வேலை செய்கிறாள். பள்ளி முடிந்ததும் நானும் அங்கேதான் சேர்ந்தேன். ப்ளீச் தண்ணீரில் கை வைத்தால் முதலில் விரலிடுக்கு அரிக்கும். பிறகு தோல் வெடிக்கும். எரிச்சல் அடங்க எங்களுக்குச் சித்தியின் களிம்புதான் கதி. குப்பைமேனி இலையை அரைத்து, தேங்காயெண்ணெயில் போட்டுச் சடசடப்பு அடங்கும்வரை காய்ச்சுவாள். வடிகட்டி, தேன்மெழுகை அதில் உருக்குவாள். ஆறினால் பச்சை வெண்ணெய் மாதிரி இருக்கும். வேலை முடிந்ததும் டப்பா கைமாறும்.

எங்கள் மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்த பெயர் கஞ்சி. ஆள் அவ்வளவு விறைப்பு. கையுறை கேட்டால் "பாக்கலாம், பாக்கலாம்" என்பார். ஒருநாள் விடுதியிலிருந்து வந்த அதிகாரி அம்மாள், "இவங்களுக்குக் கையுறை இல்லையா?" என்று அவரிடம் கேட்டார். கஞ்சி எங்கள் டப்பாவை எடுத்து நீட்டினார்.

"எதுக்கு மேடம்? இயற்கை வைத்தியம்! இவங்களே செஞ்சுக்கறாங்க. நமக்குச் செலவே இல்ல."

அந்த அம்மாள் முகர்ந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். சித்தி டப்பாவை வாங்கி, மூடிப் பையில் போட்டாள்.

"கையுறை வர்ற வரைக்கும் களிம்பு கிடையாது" என்று எங்களிடம் சொன்னாள்.

விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் அக்கா பொரிந்து தள்ளினாள். "உனக்கும் அவனுக்கும் சண்டைன்னா எங்க கை என்னடி பாவம் பண்ணுச்சு?"

"இது எரிச்சலத்தான் அடக்கும், ப்ளீச்ச அடக்காதுக்கா. இது இருக்கறதாலதான் அவன் நம்ம கையத் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல."

"ஆமா, வீட்ல நீ மட்டும் பூசிக்குவ!"

சில நாள் கழித்துச் சித்தி தன் கையை விரித்துக் காட்டினாள். விரல் முட்டியெல்லாம் வெடித்திருந்தது. அக்கா அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்கும் கோபம்தான். "எனக்காவது கொஞ்சம் குடேன் சித்தி" என்று வீட்டில் கெஞ்சினேன்.

"குடுத்தா நாளைக்கு உன் கையத் தூக்கிக் காட்டியே தப்பிச்சுக்குவான்."

அப்புறம் விடுதியிலிருந்து ஒரு மூட்டை திரும்பி வந்தது. வெள்ளை விரிப்புகளில் சின்னச் சின்ன ரத்தப் பொட்டுகள். கஞ்சி உதறிக் காட்டிக் கத்தினார். "யார் கை இது?"

"எல்லார் கையும்தான் சார்" என்றாள் சித்தி.

"அந்தக் களிம்பப் பூசித் தொலைங்களேம்மா!"

"அது எங்க வீட்டுச் சாமான் சார். உங்க சாமான நீங்க கொண்டாங்க."

"வேலைய விட்டே நிறுத்திடுவேன்!"

"நிறுத்துங்க. ரத்தம் வராத கையாப் பாத்து நாலு பேரக் கூட்டிட்டு வாங்க. அதுவும் எத்தன நாளைக்கு?"

இஸ்திரி அக்கா பெட்டியை அணைத்துவிட்டுச் சித்தி பக்கத்தில் வந்து நின்றாள். நாங்களும் குழாயை மூடி, சலவை இயந்திரங்களை நிறுத்தினோம். இயந்திரச் சத்தம் ஓய்ந்தபோதுதான் கஞ்சி முதன்முறையாக எங்கள் கைகளைப் பார்த்தார்.

மறுநாள் கையுறைகள் வந்தன. மட்டமான சரக்கு. என்னுடையது அந்த வாரமே கிழிந்தது. சித்தி அதை எடுத்துப்போய்க் கஞ்சியின் மேசைமேல் வைத்தாள். "அடுத்தது, சார்?"

இப்போது வீட்டில் மறுபடியும் எண்ணெய் சடசடக்கிறது. யாருக்குக் கை எரிந்தாலும் எங்கள் வீட்டுக்கு வரலாம். சலவைக்கூடத்துக்குள் மட்டும் அந்த டப்பா போவதில்லை.